குன்னூர் ஏற்றமும் கைக்கடிகாரமும்: உடம்பைத் திட்டாமல் உடம்பைப் பேண முடியுமா?

பெட்போர்டுவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து பணி மாறுதலில் இந்த ஆண்டு குன்னூருக்கு வந்திருக்கிறேன். வயது 46. வீடு பெட்போர்டுக்கு மேலே, அலுவலகம் கீழே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். ஊர் மாறுவதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "நன்றாக நடங்கள், இரவில் சோற்றைக் குறையுங்கள், போதும்" என்று அனுப்பிவிட்டார்.

திருப்பூரில் வாய்க்கால் ஓரம் தினமும் வீசி நடந்துகொண்டிருந்தவள்தான். இங்கே சிம்ஸ் பூங்கா வரை ஏறுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது. மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் நாளுக்கு 10,000 அடி கேட்கிறது. என் நாடித் துடிப்பைப் பார்த்துவிட்டு 'உடல்தகுதி குறைவு' என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. ஐப்பசி மழை வேறு விட்டபாடில்லை. அடிக்கணக்கு குறைந்த நாளில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன். அலுவலகத்தில் நாலு மணித் தேநீரோடு ஒரு வர்க்கி (இந்த ஊர் மொறுமொறு பிஸ்கட்) சாப்பிட்டுவிட்டால் மறுநாள் காலை இட்லி கிடையாது. "உனக்கு நீயே விடுதிக் காப்பாளரா?" என்று கணவர் கேட்கிறார்.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? தன்னைத்தானே வையாமல் ஒழுங்காக இருக்க முடியுமா, இல்லை வைதால்தான் கால் நகருமா?

வெலிங்டன்_ஹவில்தார்

வைதால்தான் நகரும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் போர்வைக்குள் கிடக்கும்போது மனம் ஆயிரம் காரணம் சொல்லும்: பனி, மழை, முழங்கால், நேற்று சரியாகத் தூங்கவில்லை. ஒன்றைக் கேட்டால் அடுத்ததையும் கேட்க வேண்டிவரும். இப்போது எங்கே பார்த்தாலும் 'உங்களிடம் நீங்களே அன்பாக இருங்கள்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததே இல்லை. மழையா? மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அவரைக்காய்

ஹவில்தார் ஐயா சொல்வதைக் கேட்டு விடிவதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள் சகோதரி. நான் கோத்தகிரிப் பக்கம். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை நேராகச் சாலைக்கு வரும். கரடியும் உண்டு. பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்பது தெரியாது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகிற வெளியூர்க்காரர்களைப் பார்க்கும்போது எங்களுக்குத்தான் வயிறு கலங்குகிறது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு நடங்கள். காட்டெருமை நின்றால் விரட்டவோ படமெடுக்கவோ வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அன்றைய நடை அவ்வளவுதான் என்று விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் பெட்போர்டுக்கு மேலிருந்து பஸ் நிலையம் வரை இறங்கி, மாலையில் ஏறுகிறீர்களே, அதை ஏன் கணக்கிலேயே சேர்க்கவில்லை? கீழ்க் குன்னூரிலிருந்து கடைப் பையோடு மேலே ஏறுவதை நடைப்பயிற்சி இல்லை என்று யார் சொன்னது? எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) முன்பெல்லாம் 'நடைப்பயிற்சிக்குப் போகிறேன்' என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தண்ணீருக்கு இறக்கம், தோட்டத்துக்கு ஏற்றம், கல்யாணத்துக்கு இரண்டு மேடு தாண்டி அடுத்த ஹட்டி. இப்போது வாசலில் கார் நிற்கிறது. ராகியும் சாமையும் போன இடத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் 'மலைக்காரர்கள் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்கள்' என்று நினைத்து உங்களை எங்களோடு ஒப்பிட வேண்டாம். நாங்களும் கடிகாரம் கட்டிக்கொண்டுதான் திரிகிறோம்.

அருவங்காடு_இயன்முறை

நான் இயன்முறை சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்). சகோதரியின் கடிகாரத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 விழுக்காடு அளவுதான். உதகை இன்னும் உயரம், அழுத்தம் இன்னும் குறைவு. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவதால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடித்தாக வேண்டும். உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டு இந்த உயரத்துக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதோடு ஏற்றம் வேறு. சமவெளியில் வீசி நடப்பதைவிட, செங்குத்தான ஏற்றத்தில் மெல்ல நடப்பது கடினமான உழைப்பு. கடிகாரம் அடியை மட்டும் எண்ணுகிறது, நாடித் துடிப்பைச் சமவெளிக் கணக்கில் வைத்து மதிப்பெண் போடுகிறது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் படபடப்போடு நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், சற்று நின்ற பிறகும் அடங்காத மூச்சு இவற்றில் ஏதாவது இருந்தால், 'மலை ஏறினேன், அதனால்தான்' என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

10,000 என்ற எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த மறு ஆண்டு, 1965ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலேயே அந்த எண் இருந்தது. விளம்பரம் உலகம் முழுக்கப் பரவி விதியாகிவிட்டது. 2019ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் வயதுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 10,000க்கு ஓர் அடி குறைந்தால் எல்லாம் வீண் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது தெளிவு.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் அடிக்கணக்கே சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, இவ்வளவுதான். மிதமானது என்றால் எது? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் மாலை ஏற்றம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினால் அதுவும் பயிற்சியின் பகுதிதான்.

சாப்பாட்டை விடுவதைப் பற்றி: நீங்கள் மாத்திரை எடுப்பதில்லை, அதனால் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் சிலவகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால், இப்படி வேளை தவறினால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். தண்டனைக்காக இட்லியை விடுவதைவிட, இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடப்பது உங்கள் 6.1க்கு அதிகம் உதவும். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

ஊட்டி_இளங்காளை

வலித்தால்தான் வளரும் என்று எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்கிறார்களே அண்ணா? தொட்டபெட்டா வரை ஓடி இறங்கினேன், இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை. இது நல்லதா கெட்டதா?

அருவங்காடு_இயன்முறை

தம்பி, ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவு அதிகம் வருவது இறக்கத்தில்தான். வலி அன்றைக்கே தெரியாது, அடுத்த நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக ஆறும். அடுத்த முறை அதே இறக்கம் இவ்வளவு வலிக்காது. வலி வளர்ச்சிக்கு அளவுகோலும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆறும்வரை சமமான இடத்தில் மெல்ல நட. தொடை வலி ஆறும். முழங்கால் மூட்டில் குத்துவது, வீங்குவது வேறு கதை. அப்படி இருந்தால் நேரில் காட்டு.

உதகை_ஆசிரியை

ஹவில்தார் ஐயாவின் வாதத்துக்கு வருகிறேன். ஐயா சொல்வது நம் எல்லோருக்கும் நியாயமாகத்தான் படும். பள்ளியிலும் வீட்டிலும் அப்படித்தானே வளர்ந்தோம். ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

2007ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கல்லூரிப் பெண்களுக்கு முதலில் டோனட் ஒன்று சாப்பிடக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், 'எல்லோரும் இதைச் சாப்பிடுவார்கள், இதற்காக உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்' என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் மிட்டாய்க் கிண்ணங்களை வைத்து, சுவை பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் கண்டிப்பாக இருந்த பெண்களில் அந்த ஆறுதல் வார்த்தையைக் கேட்காதவர்கள்தான் மிட்டாயை அதிகம் தின்றார்கள். 'கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன' என்ற மனநிலை. சகோதரியின் வர்க்கிக்கும் இந்த டோனட்டுக்கும் அதிக தூரமில்லை. நாலு மணிக்கு ஒன்று, மறுநாள் காலைப் பட்டினி, பத்தரை மணிக்குப் பசி தாளாமல் இன்னும் இரண்டு. சரியா சகோதரி?

2012ல் கலிபோர்னியாவில் இன்னொன்று. கடினமான தேர்வு ஒன்றில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் பரிவோடு இருக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். பரிவு சோம்பேறியாக்கும் என்றால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

இதை 2003லேயே அளந்து பார்க்கும் வகையில் வகுத்தவர் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர். அவர் சொல்வது மூன்று: தன்னிடம் கனிவு, 'எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் இப்படித்தான்' என்ற உணர்வு, நடந்ததைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. 'எது வேண்டுமானாலும் செய்துகொள்' என்பது இதில் எங்கும் இல்லை. வகுப்பில் நான் பார்ப்பதும் இதுதான். திட்டு வாங்கிய பிள்ளை அன்றைக்கு எழுதிக் கொடுத்துவிடும், அடுத்த நாள் வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் வரும்.

வெலிங்டன்_ஹவில்தார்

டோனட் தின்ற கல்லூரிப் பெண்களை வைத்து என்னை மாற்ற முடியாது அம்மா. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். படையில் காலில் கொப்புளம் வந்தவனை யாரும் வைய மாட்டோம். கொப்புளத்தை மறைத்து நடந்து, அணிவகுப்பின் நடுவில் விழுந்து எல்லோரையும் நிறுத்தியவனைத்தான் வைவோம். அதை நீங்கள் பரிவு என்கிறீர்களா, ஒழுங்கு என்கிறீர்களா, எனக்குத் தெரியாது. நாளைக்கும் நடக்க வேண்டும் என்றால் இன்றைக்குக் காலைப் பார்க்க வேண்டும்.

சகோதரி என்ன காலணி போட்டு நடக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஈரமான இறக்கத்தில் வழுவழுப்பான அடி உள்ள செருப்பு கூடாது. விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

ஏரிக்கரை_கொடை

நான் பழனி மலைப் பக்கத்து ஆள், கொடைக்கானல். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவன். ஏரியைச் சுற்றி வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். எங்கள் ஊரில் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். முழுச் சுற்று முடியாத நாளில் பாதியில் திரும்பிவிடுவேன். மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மேகம் திறந்தால் நின்றுவிடுவேன், அன்று நடை அரைகுறைதான். மருத்துவர் கேட்டால் அதையும் சொல்வேன்.

நான் சொல்ல வந்தது வேறு. பழனி மலைக் கோயிலுக்குப் படி 693. சிகிச்சைக்கு முன்பு தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போய் நிற்காமல் ஏறியவன் நான். பிறகு முதல் தடவை போனபோது யானைப்பாதை வழியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். இறங்க வின்ச் (இழுவை ரயில்). உறவினர் ஒருவர், "பாதி வேண்டுதல்தானே நிறைவேற்றியிருக்கிறாய்" என்றார். அந்தச் சாய்வுப் பாதையைப் போட்டவர்கள் எல்லோருக்கும் செங்குத்துப் படி ஒத்துவராது என்று தெரிந்துதானே போட்டிருக்கிறார்கள்? முருகனுக்கு இல்லாத கண்டிப்பு இவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். (பஞ்சாமிர்தம் மட்டும் விரல் நுனியில் தொட்டுக்கொண்டேன். மருத்துவர் இந்த இழையைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

தேயிலைச்சாரல்

நீண்ட நேரம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். காலையில் இடுப்பில் தார்ப்பாய்த் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், சரிவிலேயே நின்று, சரிவிலேயே நகர்ந்து, நிறைந்த சாக்கைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்கு ஏற வேண்டும். ஈரச் செடி உரசி உரசித் தார்ப்பாய்க்குக் கீழே புடவை எப்போதும் நனைந்திருக்கும். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை, ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. உங்கள் கடிகாரத்தை அம்மா கையில் கட்டினால் பகல் பன்னிரண்டுக்குள் 'இலக்கை எட்டிவிட்டீர்கள்' என்று பட்டாசு வெடிக்கும். ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, இரத்தசோகையும் இருக்கிறது, இரவில் முழங்கால் வலியால் புரண்டு படுக்கிறார்.

ஆகவே அசைவது மட்டுமே ஆரோக்கியம் என்று இங்கே பேசுவதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஹவில்தார் ஐயா சொல்கிற ஒழுங்கு அம்மாவிடம் ஏராளமாக இருக்கிறது. உட்காரத்தான் தெரியவில்லை. விடுமுறை நாளில் படுத்திருந்தால், 'வேலை கெட்டுப்போகிறது' என்று தன்னையே வைதுகொண்டு எழுந்து விறகு பொறுக்கப் போகிறார். நடக்கச் சொல்லித் தூண்டுவது ஒருவருக்குப் பரிவு என்றால், இன்னொருவருக்கு உட்காரச் சொல்வதுதான் பரிவு. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

உதகை_ஆசிரியை

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

அருவங்காடு_இயன்முறை

தேயிலைச்சாரல் சொல்வது முழுக்க உண்மை. பயிற்சியில் நேரமும் வேகமும் நம் கையில் இருக்கும், ஓய்வும் அதற்குள்ளேயே உண்டு. தோட்டத்து வேலையில் இவை எதுவும் அம்மா கையில் இல்லை. ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது, கழுத்தில் எடை, ஈரக்குளிர், மணிக்கணக்கில் ஒரே அசைவு. இது உடம்பைத் தேய்க்கும்.

மூன்று விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். இரத்தசோகையை முதலில் பாருங்கள். அது இருக்கும்வரை வேறு எதைச் செய்தாலும் அசதி போகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம், தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையிலும் ஒரு மணி நேரமாவது விட்டால் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவரிடம் சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

முழங்காலுக்கு: இரவில் கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்துவிடச் சொல்லுங்கள். பத்து தடவை. படுத்தபடியே செய்வது என்பதால் 'வேலை கெட்டது' என்றும் தோன்றாது.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டில் உண்டு. உங்கள் பகுதிச் செவிலியரிடம் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பெட்போர்டுவாசி

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா, பத்தரை மணிக்கு இரண்டு வர்க்கி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கடிகாரத்தில் அடிக்கணக்கு அறிவிப்பை நிறுத்திவிட்டேன். நேரம் பார்க்க நன்றாக இருக்கிறது. காலையில் இறங்குவதற்கு நடை, மாலை மழையாக இருந்தால் பஸ். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், கணவரும் சேர்ந்துகொண்டார், பாட்டு வேறு. பாடினால் நடை மிதமானது இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. வர்க்கி வாரத்தில் எத்தனை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வலுவூட்டும் பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடம் போகக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

அருவங்காடு_இயன்முறை

கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, எட்டு முதல் பத்து தடவை. சுவரில் கை வைத்து மார்பை முன்னே கொண்டுபோய்த் தள்ளுவது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. வாரத்தில் இரண்டு நாள் தொடங்குங்கள். குதிகால் பயிற்சி உங்கள் ஏற்றத்துக்கே நேரடியாக உதவும்.

அவரைக்காய்

இரவில் சோற்றைக் குறைக்கச் சொன்னார் அல்லவா? ராகிக் களி உருண்டை சிறியதாக ஒன்று, அவரைக் குழம்பு. ராகியும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம். இங்கே பச்சை அவரை வருகிற காலத்தில் உருளைக்கிழங்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், சோறு நினைவுக்கு வராது.

வெலிங்டன்_ஹவில்தார்

காலணிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தேயிலைச்சாரல் மகளுக்கு: அம்மா வேலை முடிந்து இறங்கும்போது ஒரு கைத்தடி பிடிக்கட்டும். இறக்கத்தில் முழங்காலுக்கு விழும் எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் அளவுக்குத் தடி உயரம் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் மூடி போடுங்கள், ஈரக்கல்லில் வழுக்காது.

பெட்போர்டுவாசி

சாதாரணச் செருப்புதான் ஐயா. சனிக்கிழமை மார்க்கெட்டில் பார்க்கிறேன்.

தேயிலைச்சாரல்

கொழுந்து பறிக்கும்போது தடி பிடிக்க முடியாது ஐயா, இரண்டு கையும் வேண்டும். வீட்டுக்கு இறங்கும் வழிக்கு ஆகும். 'கிழவியாகிவிட்டேனா' என்று அம்மா சண்டைக்கு வருவார். ராணுவத்துக்காரர் சொன்னார் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஹீமோகுளோபின் பார்க்க வியாழக்கிழமை விடுப்பு கேட்டிருக்கிறோம்.